எம்.பி.ஏ. சேருவதற்கு முன் வேலை மாறுவது: நீலகிரி நண்பர்களின் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து

பி.காம். முடித்த பிறகு கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் பணியாற்றி வருகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவந்து போடும் பச்சைத் தேயிலைக்கான கணக்கு, குன்னூர் ஏலத்துக்கு அனுப்பும் சரக்கின் ஆவணங்கள், ஜி.எஸ்.டி. தாக்கல் ஆகியவை என் பொறுப்பில் இருக்கின்றன. வரும் நவம்பரில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட் எழுதி, அடுத்த ஜூனில் ஏதேனும் ஒரு ஐ.ஐ.எம்.மில் (இந்திய மேலாண்மைக் கழகத்தில்) சேர வேண்டும் என்பது என் எண்ணம். அது கைகூடாவிட்டால் மாநில நுழைவுத் தேர்வான டான்செட் எழுதித் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல கல்லூரியில் சேர்ந்துகொள்வேன். இதற்கிடையில் கோயம்புத்தூரில் உள்ள ஒரு நிதி நிறுவனம் மாதம் பத்தாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்தில் வேலை தர முன்வந்திருக்கிறது; செப்டம்பரில் சேரச் சொல்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர் என்பதைவிட நிதி நிறுவன அதிகாரி என்பது விண்ணப்பத்தில் எடுப்பாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பத்து மாதத்துக்காக எதற்கு ஊர் மாறுகிறாய் என்று அப்பா கேட்கிறார். இந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதினால் உதவியாக இருக்கும்.

குன்னூரிலிருந்து

தம்பி, நானும் தேயிலைத் துறையிலிருந்துதான் எம்.பி.ஏ. படிக்கப் போனேன். எனக்கும் அப்போது பெங்களூருவில் ஒரு வேலை வந்தது, போகவில்லை. அதற்குக் காரணம் துணிச்சலோ தெளிவோ அல்ல, அம்மாவுக்கு அப்போது உடல்நிலை சரியாக இருக்கவில்லை என்பதுதான். ஆனால் நேர்காணலில் என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் பட்டப்படிப்பைப் பற்றி ஓரிரு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, தேயிலைக்கு வந்துவிட்டார்கள். நூறு கிலோ பச்சைத் தேயிலை உள்ளே வந்தால் எத்தனை கிலோ தூள் வெளியே போகும் என்று ஒருவர் கேட்டார். இருபத்திரண்டிலிருந்து இருபத்து நான்கு வரை என்றேன். மழை நாளில் அதே நூறு கிலோவுக்கு ஏன் குறைகிறது என்றார். இலையின் மேல் நிற்கும் தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடுவதையும், அதற்காகத் தொழிற்சாலை எடையைக் கழிக்கும்போது விவசாயிக்கும் எங்களுக்கும் இடையில் எழும் சச்சரவையும், அதை நாங்கள் எப்படித் தீர்த்துக்கொண்டோம் என்பதையும் சொன்னேன். அடுத்தவர் விலைக்கு வந்தார். விவசாயிக்குத் தரும் விலையைத் தொழிற்சாலை தன் விருப்பத்துக்கு வைக்கிறதா என்று கேட்டார். 2003-ஆம் ஆண்டுத் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின்படி, விற்பனை விலையை விவசாயியும் தொழிற்சாலையும் பகிர்ந்துகொள்ள ஒரு சூத்திரம் இருக்கிறது. அதையொட்டித் தேயிலை வாரியம் மாதந்தோறும் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது. இதைச் சொன்னதும், அப்படியானால் உங்கள் தொழிற்சாலை அந்தச் சராசரிக்கு மேலே தந்ததா, கீழே தந்ததா, மேலே தந்திருந்தால் எந்தக் கணக்கில் தந்தது என்று விடாமல் கேட்டார்கள். ஏலத்தில் கேட்பாரின்றித் திரும்பிய சரக்கை என்ன செய்வீர்கள் என்பது கடைசிக் கேள்வி. இவை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, ஏனென்றால் நாள்தோறும் என் மேசையின் மேல் கிடந்த காகிதங்கள்தான் அவை.

அன்று என்னோடு வெளியே காத்திருந்த ஒருவர், பெயர் பெற்ற ஒரு நிறுவனத்துக்கு அந்த ஆண்டுதான் மாறியிருந்தார். பயிற்சி முடிந்து அப்போதுதான் ஒரு குழுவில் போட்டிருந்தார்களாம். புதிய வேலையைப் பற்றி இரண்டு கேள்விக்கு மேல் நகரவில்லை, மறுபடியும் பழைய வேலைக்கே போய்விட்டார்கள், ஏன் மாறினீர்கள் என்பதற்கு மட்டும் நெடுநேரம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது என்று வெளியே வந்து சொன்னார். அவருக்கு இடம் கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது; கிடைத்திருக்கவும் கூடும்.

ஆகவே, விண்ணப்பத்தில் எடுப்பாக இருக்கும் என்ற காரணத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பல ஐ.ஐ.எம்.கள் பட்டம் முடித்த பிறகு செய்த முழுநேரப் பணியை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அழைப்புப் பட்டியலைத் தயாரிக்கின்றன. அந்தக் கணக்கையும் பல இடங்களில் தேர்வு நடக்கும் ஆண்டின் ஜூலை இறுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். செப்டம்பரில் நீங்கள் சேரும் வேலை அந்தக் கணக்குக்குள் வரவே வராது. நேர்காணலுக்கு வரும்போது அது நான்கைந்து மாத வயதுள்ள வேலையாக இருக்கும், அதில் நீங்களே தொடங்கி நீங்களே முடித்தது என்று ஒன்றும் இருக்காது.

கேட் வழக்கமாக நவம்பரின் கடைசி ஞாயிறுகளில்தான் நடக்கிறது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியில்தான் எல்லா வண்டியும் திரும்பும். எந்த வேலையில் இருந்தாலும், தேர்வுக்கு முந்தைய நாளே கோவைக்கு இறங்கிவிடுங்கள்.

உதகமண்டலத்திலிருந்து

குன்னூர் அக்கா சொல்வதில் எனக்குப் பாதி மட்டும் உடன்பாடு. எல்லா வேலையும் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் போல இருப்பதில்லை.

நான் இங்கே ஒரு தங்கும் விடுதியில் முன்னலுவலகத்தில் இருந்தேன். சம்பளத்தில் ஒரு பங்கை வங்கியில் போட்டுவிட்டு மீதியைக் கையில் தருவார்கள். நியமனக் கடிதம் கிடையாது, பி.எஃப். பிடித்தம் கிடையாது, பே ஸ்லிப் கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். ஏப்ரல், மே சீசனில் விடுப்பு என்ற பேச்சே எடுக்க முடியாது. 2024 மே மாதம், நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன்பதிவு அனுமதி முறை வந்த பிறகு, வருகிற ஒவ்வொரு விருந்தினருக்கும் அதைத் தொலைபேசியில் விளக்குகிற வேலையும் எங்கள் தலையில் விழுந்தது. மூன்று ஷிப்டில் எந்த ஷிப்ட் என்று வாரத்தொடக்கத்தில்தான் தெரியும். இப்படி இருந்துகொண்டு மாதிரித் தேர்வுக்கு எப்போது உட்காருவது?

வேலையை விட என்னைத் தூண்டியது படிக்க நேரமின்மை என்றாலும், மாறியே தீர வேண்டும் என்று முடிவு கட்டியது ஆவணப் பிரச்சினைதான். கல்வி நிறுவனங்கள் பணி அனுபவத்துக்குச் சான்று கேட்கின்றன. நியமனக் கடிதம், பே ஸ்லிப், நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்று, விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றில் ஒன்றுகூட இல்லாமல் இரண்டு ஆண்டு அனுபவம் என்று எழுதினால், சேர்க்கையின்போது அது செல்லாமல் போகலாம். பொய்த் தகவல் என்று இடத்தையே ரத்து செய்யவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே சம்பளம் ஏறக்குறைய அதே அளவுதான் என்றாலும், முறையாகக் காகிதம் தரும் ஒரு பயண முகமைக்கு மாறினேன். காலை பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்கு வந்துவிடலாம். ஓர் ஆண்டு கழித்து, பிறகு தேர்வு எழுதினேன். நேர்காணலில் ஏன் மாறினீர்கள் என்று என்னையும் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன், அதற்கு மேல் அதைக் கிளறவில்லை.

கோத்தகிரி நண்பருக்கு இந்த இரண்டு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் தொழிற்சாலையில் பே ஸ்லிப் தருகிறார்களா என்பதை மட்டும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

அரவங்காட்டிலிருந்து

நான் ஒரு தனியார் நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். படிக்கப் போகிறேன் என்று சொல்லி என் மேசைக்கு முன் நின்ற பிள்ளைகள் பலர். அவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொண்டது நோட்டீஸ் காலத்தில்தான் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலையில் இருக்க வேண்டிய நாட்கள்), ஆனால் இங்கே யாரும் அதைப் பற்றி எழுதவில்லை.

நாட்காட்டியை எடுத்து வைத்துப் பாருங்கள். கேட் முடிவு டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ வரும். நேர்காணல்கள் மார்ச் வரை நடக்கும். இறுதிப் பட்டியல் ஏப்ரல், மே மாதங்களில் வரும். இரண்டாம், மூன்றாம் பட்டியல்கள் அதற்குப் பின்னும் வரும். வகுப்பு ஜூனில் தொடங்கிவிடும். இப்போது நீங்கள் சேரும் நிறுவனம் தொண்ணூறு நாள் நோட்டீஸ் கேட்குமானால், ஜூன் முதல் வாரத்தில் விடுபட மார்ச் முதல் வாரத்திலேயே இராஜினாமா கொடுக்க வேண்டும். அப்போது உங்கள் கையில் எந்த அனுமதிக் கடிதமும் இருக்காது. கொடுக்காமல் காத்திருந்தால், கடிதம் வந்தபின் நோட்டீஸ் காலத்துக்கான சம்பளத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு வர வேண்டியிருக்கும், அதுவும் அவர்கள் ஒத்துக்கொண்டால். ஒத்துக்கொள்ளாவிட்டால் விடுவிப்புக் கடிதம் தாமதமாகும். அதைக் கல்லூரி கேட்கும். இந்தச் சுழலில் ஒரு பையன் எங்களிடம் வந்து கண் கலங்கி நின்றான்; மேலதிகாரியிடம் பேசி முப்பது நாளில் அனுப்பிவைத்தோம். எல்லா இடத்திலும் அப்படிப் பேச ஆள் இருக்கமாட்டார்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதம் பத்தாயிரம் கூடுதல் என்றால் ஜூன் வரை ஒன்பது மாதத்துக்குத் தொண்ணூறாயிரம். கோவையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் பத்தாயிரத்துக்குக் குறையாமல் ஆகும். இப்போது வீட்டிலிருந்து போய் வருகிறீர்கள் என்றே நினைக்கிறேன். மிச்சம் என்ன? பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் இருபது இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அதற்குக் கல்விக் கடன்தான் வழி, அந்தத் தொண்ணூறாயிரம் அல்ல. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் சேருவோருக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு இலட்சத்துக்குள் இருந்தால், பத்து இலட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை மூன்று விழுக்காடு வட்டி மானியமும் உண்டு, ஆண்டுக்கு ஒரு இலட்சம் மாணவர் என்ற வரம்புக்குள். படித்து முடித்து வட்டி கட்டும்போது அந்த வட்டிக்கு வருமானவரியில் எட்டு ஆண்டு வரை கழிவு கேட்கலாம், பழைய வரிமுறையில் இருந்தால்.

மாறுவதானால், பி.எஃப். தொகையை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு; மாற்றிக்கொண்டால் பழைய சேவையும் சேர்த்தே எண்ணப்படும். ஆண்டு நடுவில் மாறும்போது பழைய இடத்துச் சம்பள விவரத்தைப் புதிய இடத்தில் கொடுக்காவிட்டால், இரண்டு நிறுவனமும் வரிவிலக்கைத் தனித்தனியாகக் கணக்கிட்டுவிடும். கணக்குத் தாக்கல் செய்கிற ஜூலையில் எதிர்பாராத தொகை கட்ட வேண்டிவரும், அப்போது நீங்கள் விடுதியில் மாணவனாக இருப்பீர்கள். இன்னொன்று உங்களுக்குப் பொருந்தாது, படிக்கிற வேறு யாருக்காவது உதவும்: ஒரே நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் ஐந்து ஆண்டை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்காகக் காத்திருப்பது நல்லது. சட்டப்படி, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம்.

கூடலூரிலிருந்து

டான்செட் பற்றி ஒரே ஒரு செய்தி. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் அந்தத் தேர்வின் மதிப்பெண் தரவரிசையிலும் இட ஒதுக்கீட்டிலும்தான் கலந்தாய்வு இடங்கள் நிரம்புகின்றன. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அந்தக் கலந்தாய்வை நடத்துகிறது. நேர்காணலும் இல்லை, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்பாரும் இல்லை. அந்த வழியில் போவதாக இருந்தால் விண்ணப்பத்தின் எடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் கதை வேறு. கேட், டான்செட் இரண்டிலும் எனக்கு நினைத்த இடம் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே ஒரு கூட்டுறவு அமைப்பில் விற்பனைப் பிரிவுக்கு மாறியிருந்தேன், அதுவும் எம்.பி.ஏ.வை நினைத்து அல்ல, அந்த வேலை பிடித்திருந்ததால். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கோத்தகிரி அண்ணா, ஜூனில் இடம் கிடைக்காவிட்டால் கோவையில் அந்த நிதி நிறுவனத்தில் இன்னும் இரண்டு ஆண்டு இருக்க உங்களுக்கு மனம் வருமா? வரும் என்றால் போங்கள், மேலே சொன்ன எந்தக் கணக்கும் உங்களைத் தடுக்க வேண்டியதில்லை. கடன் வசூலுக்கு வீடு வீடாக அலைகிற வேலையாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அதிகாரி என்ற பெயரில் அதற்குத்தான் பலரை எடுக்கிறார்கள்.

கோத்தகிரியிலிருந்து, மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. அரவங்காடு ஐயா சொன்னபடி நியமனக் கடிதத்தின் மாதிரியைக் கேட்டு வாங்கினேன். பயிற்சிக் காலம் ஆறு மாதம், அதற்குள் விலகினால் முப்பது நாள் நோட்டீஸ், நிரந்தரமான பிறகு தொண்ணூறு நாள் என்று இருக்கிறது. செப்டம்பரில் சேர்ந்தால் சரியாக மார்ச் மாதத்தில் நிரந்தரமாகிவிடுவேன். கூடலூர்த் தங்கை கேட்டதையும் விசாரித்தேன். முதல் ஆண்டு களப்பணிதான், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தவணை வசூல்.

இப்போது இருக்கும் தொழிற்சாலையின் மேலாளரிடம் நேற்று பேசினேன். வெளியிலிருந்து வேலை வந்திருப்பதை மறைக்காமல் சொல்லி, சம்பளத்தைவிட, விவசாயிகளுக்கான பணப் பட்டுவாடாவைக் கணினி முறைக்கு மாற்றும் வேலையை முழுவதுமாக என்னிடம் ஒப்படைக்க முடியுமா என்று கேட்டேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூருக்குப் பதில் சொல்ல இம்மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. குன்னூர் அக்கா, இலையின் தண்ணீருக்காக எடையைக் கழிக்கும் அந்தச் சச்சரவை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்பதை எழுதினால் இங்கேயும் பயன்படும். மழை தொடங்கிவிட்டது, தினமும் எடை மேடையில் சண்டை நடக்கிறது.