டிராகன்ஃபேஸ் பைப்ஃபிஷ் வயிறு ஒட்டிப்போகிறது, மைசிஸைத் தொட மாட்டேன் என்கிறது

உப்புத்தண்ணி:
சிங்கப்பூரில் இருக்கிறேன். மூன்றடி தொட்டி, சம்ப்போடு (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) சேர்த்து 200 லிட்டர். லைவ் ராக் (நுண்ணுயிர் வாழும் கடல்பாறை) போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு சிக்ஸ்லைன் ராஸ் மீன் முன்பே இருக்கின்றன. போன மாதம் டிராகன்ஃபேஸ் பைப்ஃபிஷ் (குழல் போன்ற வாயுள்ள ஒல்லி மீன்) இரண்டு வாங்கி விட்டேன். வந்த புதிதில் பாறை பாறையாக ஊர்ந்து எதையோ உறிஞ்சிக்கொண்டே இருந்தன. இப்போது சின்னதற்கு வயிறு உள்வாங்கி, உடம்பு வளையங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. காலையும் மாலையும் உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சின்ன உயிரி) போடுகிறேன். கிட்டே வந்து ஒரு கண்ணைச் சுழற்றிப் பார்க்கும், அப்புறம் திரும்பிக்கொள்ளும். நோயா, பசியா?

குழல்வாய்:
பசிதான். இந்த மீனுக்கு இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. உறிஞ்சியது நேராகக் குடலுக்குப் போய்ச் சீக்கிரமே வெளியேறிவிடும். அதனால் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். வந்த புதிதில் அவை தின்றது பாறையில் இருந்த கோபிபாட் என்ற பொடி உயிரிகளை. உங்கள் ராஸுக்கும் அதுதான் சாப்பாடு. இரண்டுமாகச் சேர்ந்து பாறையைத் துடைத்துவிட்டிருக்கும். முதலில் ராஸை வெளியேற்றுங்க.

உப்புத்தண்ணி:
ராஸ் அதைக் கடிக்கவோ துரத்தவோ இல்லையே அண்ணா? பாறையைக் கலைக்காமல் பிடிக்கவும் முடியாது.

குழல்வாய்:
துரத்த வேண்டாம், முந்திக்கொண்டாலே போதும். ப்ளாஸ்டிக் பாட்டில் பொறி செய்து, உள்ளே மைசிஸ் வைத்து விட்டுவிடுங்க, தானாக மாட்டும்.

அதுவரை இரண்டு பைப்ஃபிஷையும் தொட்டிக்குள்ளேயே தொங்கும் குஞ்சுப் பெட்டியில் போடுங்க. பெட்டியின் ஓட்டைகளை மெல்லிய வலைத்துணியால் மூடுங்க, இல்லையென்றால் போட்ட தீனியெல்லாம் சம்ப்புக்குப் போய்விடும்.

தீனிக்கு ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை) முட்டையைப் பொரிக்க வையுங்க. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு, அடியிலிருந்து காற்று, மேலே விளக்கு, 28 டிகிரி சூடு. ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும். அடியில் வெளிச்சம் காட்டினால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அங்கே திரளும். டியூபால் உறிஞ்சி, வடிகட்டி, அலசி உடனே போடுங்க. நேரம் ஆக ஆகக் குஞ்சின் மஞ்சள் கரு கரைந்து சத்துக் குறைந்துவிடும். மீதியை வைத்திருந்தால் செல்கோ என்ற சத்துக் கரைசலில் ஊறவிட்டுத்தான் கொடுக்கணும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: மீன் நாள் முழுக்கத் தின்னும், ஆனாலும் மெலியும்.

பவளம்:
இன்னொன்றையும் பாருங்க. மீனின் குழல் மூக்கு முனையில் வீக்கமோ வெள்ளையோ இருந்தால் அது கிருமித் தொற்று. நன்றாகத் தின்றும் மெலிந்து, கழிவு வெள்ளை நூலாக வந்தால் குடல்புழுவாக இருக்கலாம், கடலில் பிடித்த மீனில் சகஜம். எதுவானாலும் காப்பர் மருந்து மட்டும் வேண்டாம், இந்தக் குடும்பம் அதைத் தாங்காது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இருந்தால் 24–25 டிகிரிக்கு இறக்குங்க.

கடற்கரை_மெட்ராஸ்:
இடையில் ஒரு சந்தேகம். சென்னையில் ஒரு கடைக்காரர் பைப்ஃபிஷ் வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பவளம்:
வேண்டாம் தம்பி. கடல்குதிரையும் பைப்ஃபிஷும் ஒரே குடும்பம். 2001-இல் அந்தக் குடும்பம் முழுவதையும் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் வலையில் தானாகச் சிக்கியதை விற்றாலும் வழக்குதான். கடைக்காரர் சும்மா சொல்கிறார் என்றே வையுங்க, மாட்டுவது நீங்களும்தான்.

உப்புத்தண்ணி:
ராஸ் மாட்டிவிட்டது, கடையில் கொடுத்துவிட்டேன். சின்னது ஆர்ட்டீமியாவைத் தலையை வெடுக்கென்று தூக்கித் தூக்கி உறிஞ்சுகிறது. மூக்கில் வீக்கம் இல்லை. பெரியதற்கு மட்டும் வாலின் அடிப்பக்கம் பொடிப்பொடி மணிகளாக ஏதோ ஒட்டியிருக்கிறது. புழுவா?

குழல்வாய்:
முட்டைங்க அது! பெரியது ஆண், சுமப்பது அதன் வேலை. இட்டது சின்னதாகத்தான் இருக்கும், அந்தச் செலவும் சேர்ந்துதான் அது அவ்வளவு இளைத்திருக்கும். ஆர்ட்டீமியா தினம் மூன்று வேளை. வயிறு உருண்டபின் உறைந்த சைக்ளாப்ஸைக் (ஒரு கோபிபாட் வகை) கொஞ்சமாகக் கலந்து பழக்குங்க, மைசிஸ் அதற்கப்புறம். பெரிய தொட்டியில் திரும்ப விடுவதற்கு முன் ஒரு பாட்டில் கோபிபாட் வாங்கி, விளக்கை அணைத்துவிட்டுப் பாறைமேல் ஊற்றுங்க. சம்ப்பில் கீட்டோ பாசி வளர்த்தால் அங்கேயே பெருகும். பம்ப் உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்ச் போட மறந்துடாதீங்க.