ஆசனவாய் மெலனோமா: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் பெரியம்மாவுக்கு 61 வயது. மலத்தோடு ரத்தம் போனது. மூலம்தான் என்று ஐந்து மாதம் களிம்பும் துத்திக்கீரையுமாக ஓட்டிவிட்டோம். கடைசியில் பயாப்ஸியில் மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது. கட்டியில் கறுப்பே இல்லை. அந்தத் திசுவில் மெலனோமாவைக் காட்டும் எஸ்-100, எச்எம்பி-45 சோதனைகள் பாசிட்டிவ் ஆன பிறகுதான் உறுதியாகச் சொன்னார்கள்.

தோலில் வருவது அங்கே எப்படி வந்தது என்று குழம்பிப்போனோம். நிறமிச் செல்கள் மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றின் உட்சவ்விலும் உண்டாம். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோல் மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும் பிராஃப் மரபணு மாற்றம் இதில் குறைவு. கிட் மரபணு மாற்றம் இருந்தால் இமாட்டினிப் மாத்திரை சிலருக்குக் கேட்கிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான்.

இப்போது எங்கள் சிக்கல் இது. ஒரு டாக்டர் ஆசனவாயோடு எடுத்துவிட்டு மலம் சேர வயிற்றில் பை வைக்கலாம் என்கிறார். இன்னொருவர், கட்டியைச் சுற்றி அகலமாக எடுத்தாலே போதும், பெரிய ஆபரேஷனால் ஆயுள் கூடுவதாக நிரூபணம் இல்லை என்கிறார். பெரியம்மாவோ, "பையைக் கட்டிக்கிட்டு நான் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போக மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம்.

இந்த இரண்டில் ஒன்றைச் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பை வைத்தவர்களின் அன்றாடம் எப்படி இருக்கிறது? நிவோலுமாப் (உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் ஊசி மருந்து) போட்டவர்களுக்கு மொத்தம் எவ்வளவு செலவானது? பயாப்ஸி பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுத் துண்டு) வாங்கி வேறு லேபில் கிட் சோதனை செய்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாட்டு மருந்து யோசனை மட்டும் வேண்டாம், ஐந்து மாதம் அதிலேயே போய்விட்டது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டும்.