ஸ்டார்டியூ வேலியில் எந்த ரெசிபிக்குக் காசு அதிகம்? (அவசரம்)

தட்டுவடைசெட்
ஸ்டார்டியூ வேலிங்கிற பண்ணை கேம்ல ஹோட்டல் மாதிரி நடத்திட்டு இருக்கேன். தினமும் சமைச்சு, விற்கிறதுக்கான ஷிப்பிங் பெட்டியில போடுறேன். பத்து நாளா காசு 3,000-லயே நிக்குது, ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. நல்லா காசு தர்ற ரெசிபி மூணு சொல்லுங்க, போதும். இன்னைக்கு ராத்திரி விளையாட உக்காரணும், கொஞ்சம் சீக்கிரம்.

அஸ்தம்பட்டி_ஆட்டக்காரன்
எந்த வருஷம், எந்த சீசன்? மொபைலா, கம்ப்யூட்டரா? இப்ப என்னென்ன சமைக்கிறீங்க, ஒவ்வொண்ணும் எத்தனை? மாவு, எண்ணெய், வினிகர் எல்லாம் கடையில வாங்குறீங்களா, சொந்தமா எடுக்கிறீங்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கண்டிப்பா பதில் வேணும்.

ஐந்துரோடு77
எல்லா ஹோட்டல் கேமுக்கும் ஒரே கணக்குதான் பாஸ். விற்கிற விலையை அடுப்புல இருக்கிற நேரத்தால வகுத்துப் பாருங்க. சீக்கிரம் வேகுற சின்ன ஐட்டம்தான் எப்பவும் ஜெயிக்கும். பான்கேக், ஆம்லெட் மாதிரி போட்டுத் தள்ளுங்க.

பொன்னம்மாப்பேட்டை_பண்ணை
@ஐந்துரோடு77 இந்தக் கேம்ல அடுப்பு நேரமே கிடையாது. பட்டனை அழுத்தின உடனே பதார்த்தம் கையில வந்துடும். தெம்பும் குறையாது. ஐம்பது தட்டு போட்டாலும் கடிகாரம் நகராது. வாடிக்கையாளர் வரிசையும் இல்ல, எத்தனை போட்டாலும் விலை இறங்கவும் செய்யாது. அதனால வகுக்க வேண்டியது நேரத்தால இல்ல, பொருளால. எது கைக்குக் கிடைக்கிறது கஷ்டமோ அதால வகுக்கணும்.

சேர்வராயன்_சீனியர்
இந்தக் கேள்வி மாசம் ஒருதடவை வருது, தேடிப் பார்த்துட்டுப் போடலாம். ஸ்டார்டியூல சமையல் விற்கிறதுக்கு இல்ல, சாப்பிடுறதுக்கு. பூசணியை அப்படியே வித்தா 320. பால் சேர்த்து சூப் வெச்சா 300. அதே பூசணியை கெக்ல (ஜூஸ், காபி போடுற பீப்பாய்) போட்டா ஜூஸ் 720, ஆர்ட்டிசன் தொழில் எடுத்திருந்தா 1,008. சமைச்ச பதார்த்தத்துக்கு எந்தத் தொழிலும் விலை கூட்டாது. தங்க நட்சத்திரப் பொருள் போட்டாலும் வர்ற தட்டு சாதாரணம்தான். அடிப்படை தெரிஞ்சா இந்தக் கேள்வியே எழாது.

மல்கோவா_மாங்கா
சீனியர் சொல்றதுக்கு ஆதாரமா இன்னும் கொஞ்சம். பீட்சா 300. அதுக்குப் போற மாவு 50, தக்காளி 60, சீஸ் 230. மூணையும் தனியா வித்தா 340. நம்ம ஊர் ஆளுங்க ஆசைப்படுற மேங்கோ ஸ்டிக்கி ரைஸ் 250. மாம்பழம் 130, தேங்காய் 100, அரிசி 100, ஆக மொத்தம் 330. காலையில போடுற முட்டையே 50, பொரிச்சா 35. கம்ப்ளீட் பிரேக்ஃபாஸ்ட்டுக்கு நாலு பொருள் சேர்த்தா 360 வருது, தட்டு விலை 350.

சமைச்சா விலை கூடுற ரெசிபி குறைவு. பிளாக்பெர்ரி காப்ளர் (பொருள் 140, தட்டு 260), பேல் பிராத் (50, 150), ஃப்ரூட் சாலட் (350, 450), எக்பிளான்ட் பார்மெசான் (120, 200), லக்கி லஞ்ச் (175, 250).

தட்டுவடைசெட்
மொபைல். 2-ம் வருஷம், வசந்தம் 11. 8 கோழி, 3 மாடு. தினமும் 5 பான்கேக், 3 ஆம்லெட், 3 சாலட். மாவும் வினிகரும் ஊர் மளிகைக்காரர் பியர் (Pierre) கடையில. மாவு அரைக்கிற மில் இல்ல. கெக் 4 சும்மா கிடக்கு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்த வருஷம் ஆரம்பிச்சதிலிருந்து ஒரு விதி வெச்சிருக்கேன். அடுப்புல சமைச்சது தவிர எதையும் விற்கக் கூடாது. ஹோட்டல்னு சொன்னேனே.

அஸ்தம்பட்டி_ஆட்டக்காரன்
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதிப் பேர் பதில் வேற மாதிரி வந்திருக்கும். இப்பக் கணக்குப் பாருங்க.

பான்கேக் 80. கடை மாவு 100. முட்டை சும்மா வருதுன்னே வெச்சாலும் தட்டுக்கு 20 நஷ்டம். 5 தட்டுக்கு 100 போச்சு.
சாலட் 110. வினிகர் 200. தட்டுக்கு 90 நஷ்டம். 3 தட்டுக்கு 270 போச்சு.
ஆம்லெட் 125. எதுவும் வாங்க வேண்டாம். 3 தட்டுக்கு 375 வரவு.

375-ல 370 கழிச்சா ஒரு நாள் லாபம் 5 ஜி (கேம் காசு). பத்து நாளைக்கு 50. 3,000-லயே ஏன் நிக்குதுன்னு இப்பத் தெரியுதா? சாலட்டை இன்னைக்கே நிறுத்துங்க. பான்கேக்குக்குப் போற 5 முட்டையையும் பொரிச்சே போடுங்க. 35-தான், ஆனா முழுசா உங்க கையில நிக்கும்.

சேர்வராயன்_சீனியர்
பொரிச்ச முட்டை 35-ஆ? பச்சை முட்டையே 50. நஷ்டத்தை லாபம்னு சொல்லிக் கொடுக்காதீங்க. அவர் விதியே தப்பு. விதியை மாத்தினா பிரச்சினை தீர்ந்துடும்.

பொன்னம்மாப்பேட்டை_பண்ணை
பச்சை முட்டையை அவர் விற்கவே மாட்டார்னா அந்த 50 அவருக்கு எப்படிக் கணக்காகும்? விற்க முடியாத பொருளோட விலையை நஷ்டத்துல சேர்க்கக் கூடாது. அவருக்கு நிஜமான செலவு மூணுதான்: கடையில கொடுக்கிற காசு, விதைக் காசு, ஒரு கட்டம் நிலம் எத்தனை நாள் மாட்டிக்கிடக்குதுங்கிறது. மல்கோவா போட்ட பட்டியல் நம்ம எல்லாருக்கும் சரி, அவருக்குப் பொருந்தாது. பூசணி சூப்பையே எடுங்க. நமக்கு நஷ்டம். அவருக்கு, விதை 100 போக ஒரு பாலுக்கு 200 நிக்குது. ஆம்லெட்ல அதே பாலுக்கு 125, ஒரு முட்டையும் கூடப் போகுது. இலையுதிர் காலத்துல அவர் சூப்தான் வைக்கணும்.

சேர்வராயன்_சீனியர்
அப்படின்னா கேள்வியை அப்படிக் கேட்டிருக்கணும். விதி இருக்கிற ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு சரி, ஒத்துக்கிறேன். ஆனா புதுசா படிக்கிறவங்க இதைப் பார்த்துட்டு சாதாரண ஆட்டத்துல பூசணியை சூப் வைக்கப் போறாங்க, அதுதான் என் கவலை.

அஸ்தம்பட்டி_ஆட்டக்காரன்
சரி, விதியோட என்ன செய்யலாம்னு வரிசையா எழுதுறேன்.

உடனே செய்ய வேண்டியது சாஷிமி. ஒரே ஒரு மீன், எந்த மீனா இருந்தாலும் சரி, தட்டு 75. கெண்டை 30, ஹெர்ரிங் 30, மத்தி 40-னு விலை கம்மியானதை எல்லாம் இதுக்குப் போடுங்க. ரெசிபி, ஊர்க்காரர் லீனஸ்கிட்ட 3 இதயம் (நட்பு அளவு) ஆனா தபால்ல வரும். கார்ப் சர்ப்ரைஸ்னு ஒண்ணு கேம் டிவியில வரும், நாலு கெண்டைக்கு 150. அந்த நாலையும் சாஷிமி போட்டா 300, அதனால அதைத் தொடவே வேண்டாம்.

சுரங்கத்துல தூண்டில் போட்டா வெள்ளைப் பாசி வரும். ரெண்டு பாசிக்கு ஒரு பேல் பிராத், 150. மார்னிகிட்ட 3 இதயம்.

அடுத்து எக்பிளான்ட் பார்மெசான். லூயிஸ்கிட்ட 7 இதயம் வேணும், இப்பவே பழக ஆரம்பிங்க. இதுல எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு உண்டு. தக்காளி கோடையில மட்டும், கத்தரி இலையுதிர் காலத்துல மட்டும். கோடைத் தக்காளியை வேற எதுக்கும் எடுக்காம பெட்டியில போட்டு வைக்கணும், கெட்டுப்போகாது. கோடை 1-ல 20 தக்காளிச் செடி வெச்சா 12, 16, 20, 24, 28-ம் தேதி அஞ்சு பறிப்பு, 100 தக்காளி. இலையுதிர் 1-ல 20 கத்தரி வெச்சா 6, 11, 16, 21, 26-ன்னு அதுவும் அஞ்சு பறிப்பு, 100 கத்தரி. 100 தட்டு, 20,000 ஜி. விதைக்கு 1,400 செலவு.

பிளாக்பெர்ரி காப்ளர் ரெசிபி டிவியில 2-ம் வருஷம் இலையுதிர் 14-ல்தான் வரும். பழமோ 8-லிருந்து 11 வரைக்கும்தான் புதர்ல இருக்கும். ரெசிபி வரட்டும்னு காத்திருந்தா பழம் போயிடும். அந்த நாலு நாளும் எல்லாப் புதரையும் உலுக்கி வையுங்க. ரெண்டு பழம், மாவு, சர்க்கரை. மாவும் சர்க்கரையும் கடையில வாங்கினா 200 போய் 60-தான் மிஞ்சும். மில் இருந்தா ஒரு கோதுமைக்கு ஒரு மாவு, ஒரு பீட்ரூட்டுக்கு மூணு சர்க்கரை. மில்லுக்கு 2,500 ஜி, 50 கல், 150 மரம், 4 துணி. மரமும் கல்லும் சுலபம், துணிதான் இழுக்கும். செம்மறி ஆடோ முயலோ வளர்த்து, ரோமத்தை லூம்ல (தறி) நெய்யணும்.

ஃபிரிட்ஜ்லயும் பையிலயும் இருக்கிறதை மட்டும்தான் அடுப்பு எடுக்கும். பரிசுக்கு வெச்சிருக்கிற நல்ல பொருளை ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, சமையல்ல கரைஞ்சிடும்.

ஏற்காடு_ரோடு
யாருமே காபியைச் சொல்லலையே. கெக் 4 சும்மா கிடக்குன்னு எழுதியிருக்காரே, யாரும் பார்க்கலையா? ட்ரிபிள் ஷாட் எஸ்பிரஸோ.

சேர்வராயன்_சீனியர்
தம்பி, ஒரு காபி 150. மூணு காபி 450. எஸ்பிரஸோ விலை 450. லாபம் பூஜ்யம். ரெசிபிக்கு சலூன் நடத்துற கஸ்கிட்ட 5,000 அழணும். வேகம் கூடுறது மூணு மடங்கு நேரம் நிக்குங்கிறதுக்காகக் குடிக்கலாம், விற்க ஒண்ணுமே இல்ல.

ஏற்காடு_ரோடு
அண்ணா, மறுபடியும் அதே இடம்தான். அவரால காபியை விற்க முடியாது, அது கெக்ல வர்றது. எஸ்பிரஸோ அடுப்புல வர்றது, சமையல் பட்டியல்லயே இருக்கு. அதனால அவருக்கு 15 கொட்டைக்கு 450 முழுசா வரவு. செடி 10 நாள்ல காய்க்கும், பிறகு ரெண்டு நாளைக்கு ஒருதடவை 4 கொட்டை. ஒரு கட்டத்துக்கு நாளொன்றுக்கு 2 கொட்டை, அதாவது 60 ஜி. காய்ப்புக்கு வந்த தக்காளிக்கு 4 நாள், கத்தரிக்கு 5 நாள், சேர்த்து 9 நாள் நிலத்துக்கு ஒரு தட்டு 200. கட்டத்துக்கு 22 ஜி. மூணு மடங்கு வித்தியாசம்.

நாளைக்கு வசந்தம் 12, வெள்ளிக்கிழமை. காட்டுக்கு, வண்டியில பொருள் விற்கிற வண்டிக்காரி வருவா. அவகிட்ட கொட்டை இருந்தா 2,500, உங்ககிட்ட 3,000 இருக்கு. ஒரே ஒரு கொட்டை போதும். 12-ல நட்டா 22-ல காய்க்கும். பறிச்சதை எல்லாம் மறுபடி நட்டுக்கிட்டே வாங்க, கோடை வந்தாலும் செடி சாகாது. 22-லிருந்து கோடை 4 வரைக்கும் தாய்ச்செடி 24 கொட்டை கொடுத்திருக்கும். முதல்ல நட்ட 4 செடி அன்னைக்கு 16 கொடுக்கும். எல்லாம் சேர்த்து 41 செடி. கோடை 14-க்குள்ள அத்தனையும் காய்க்கும்.

40 செடின்னே வெச்சுக்கங்க. ரெண்டு நாளைக்கு 160 கொட்டை, 32 காபி. கெக்ல 5 கொட்டைக்கு ஒரு காபி, கேம் நேரத்துல 2 மணி நேரம். 4 கெக்கை நாளுக்கு நாலு தடவை நிரப்பினா சரியா 32. கோடை 14-லிருந்து 28 வரைக்கும் 8 பறிப்பு, 1,280 கொட்டை, 85 எஸ்பிரஸோ, 38,250 ஜி. 5,000 ரெசிபி முதல் மூணு பறிப்புக்குள்ள திரும்பிடும்.

இலையுதிர் 1-ல செடி எல்லாம் செத்துடும். ரெண்டு கொட்டை எடுத்து வைக்க மறக்காதீங்க, மறந்தா மறுபடி 2,500.

பொன்னம்மாப்பேட்டை_பண்ணை
சரியான கணக்கு. எனக்குத் தோணவே இல்ல.

மல்கோவா_மாங்கா
பத்து நாள்ல காபி காய்க்குதா? ஏற்காட்டுல செடி வெச்சா முதல் காய்ப்புக்கே மூணு நாலு வருஷம். பறிப்பும் மார்கழி, தை குளிர்ல. கேம்ல வசந்தமும் கோடையும்னு வெச்சிருக்காங்க.

ஏற்காடு_ரோடு
இங்க காபி வந்ததே 1820-கள்ல, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வெச்சது. மரநிழல், மிளகுக்கொடி எல்லாம் சேர்ந்துதான் தோட்டம். கேம்ல நிழலே வேண்டாம், வெட்டவெளியில காய்க்குது. அதை அப்படியே ஏத்துக்க வேண்டியதுதான்.

ஐந்துரோடு77
இஞ்சித் தீவுல 'போய்' (Poi)னு ஒரு ரெசிபி 400-க்குப் போகுதே, நாலு கிழங்கு மட்டும்தான். அது நம்ம குச்சிக்கிழங்குதானே? அதையும் சேர்த்துக்கலாமே.

மல்கோவா_மாங்கா
குச்சிக்கிழங்கு ஜவ்வரிசிக்குப் போறது. கேம்ல இருக்கிற டாரோ சேப்பங்கிழங்கு, வேற செடி. கிழங்குக்கு 100 கிடைக்கும், இவர் விதிக்கு நல்லதுதான். ஆனா தீவுக்குப் போகவே இவருக்கு ரொம்ப நாள் ஆகும். இழையை அங்க இழுக்காதீங்க.

அஸ்தம்பட்டி_ஆட்டக்காரன்
@தட்டுவடைசெட் இருக்கீங்களா? லீனஸ்கிட்ட எத்தனை இதயம்னு சொன்னா சாஷிமி இப்பவே முடியுமான்னு தெரியும்.

தட்டுவடைசெட்
லீனஸ் 4 இதயம், ரெசிபி இருந்துச்சு, கவனிக்கல. சாலட்டும் பான்கேக்கும் நிறுத்திட்டேன். 9 சாஷிமி, 3 ஆம்லெட், 5 பொரிச்ச முட்டை போட்டேன். காலையில 1,225 வந்துச்சு. வெள்ளிக்கிழமை வண்டியில காபிக் கொட்டை இல்ல. ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்.

ஏற்காடு_ரோடு
ஞாயிறும் வண்டி வரும், 14-ம் தேதி. அன்னைக்குக் கிடைச்சா மேல சொன்ன தேதி எல்லாம் ரெண்டு நாள் தள்ளும், அவ்வளவுதான். நடுவுல சனிக்கிழமை சுரங்கத்துல 41-ம் தளத்துக்குக் கீழ இறங்கி கரிப் பொடி உருண்டை மாதிரி இருக்கிற பூதங்களை (Dust Sprite) அடிச்சுப் பாருங்க, எப்பவாவது கொட்டை உதிரும். 2,500-ஐ மட்டும் ஞாயிறு வரைக்கும் எதுக்கும் எடுத்துடாதீங்க.