அஸ்ட்ரோஸ் லோரி: ஒரு படத்தில் 32 குழாய், இன்னொன்றில் 4. எது சரி?

செம்பனைக்காட்டான்:
நம்ம மலேசிய ராணுவத்தின் கிம்மாஸ் கெம்மில் (முகாமில்) இருக்கும் அஸ்ட்ரோஸ் ராக்கெட் ஏவும் லோரி பற்றித்தான். ஒரு படத்தில் தேன்கூடு மாதிரி 32 குழாய், இன்னொன்றில் நாலே நாலு. ரெண்டும் ஒரே வண்டியா? ஒட்டுக்கடையில் 300 கிலோமீட்டர் போகும் என்று அடித்துச் சொல்கிறார்கள். பீரங்கி இருக்கும்போது குறி தப்புகிற ராக்கெட் எதற்கு?

பால்மரம்:
ஒரே வண்டிதான். மேலே ஏற்றும் பெட்டிதான் மாறும். 127 மி.மீ. விட்டமுள்ள எஸ்எஸ்-30 ராக்கெட் என்றால் 32 குழாய், ஏறக்குறைய 30 கி.மீ. போகும். 180 மி.மீ. எஸ்எஸ்-40 என்றால் 16. 300 மி.மீ. எஸ்எஸ்-60 நாலுதான் ஏறும், தூரம் 60 கி.மீ. பிரேசிலின் அவிப்ராஸ் நிறுவனத் தயாரிப்பு. மலேசியா இரண்டு தவணையில் 36 ஏவு வண்டிகள் வாங்கியது. ஒட்டுக்கடை 300 என்பது அதே பிரேசில்காரர்கள் தனியாக உருவாக்கத் தொடங்கிய க்ரூஸ் ஏவுகணை (விமானம் மாதிரி பறந்து போவது). அது வேறு சரக்கு, இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

மண்ரோடு:
குறி ஏன் தப்புகிறது என்பதற்கு வருகிறேன். பீரங்கிக் குண்டு குழலை விட்டு வெளியேறும்போதே முழு வேகத்தில் இருக்கும். ராக்கெட் குழாயை விட்டு மெதுவாகக் கிளம்பி, அதற்குப் பிறகுதான் எரிந்து எரிந்து வேகம் பிடிக்கிறது. அந்த முதல் ஓரிரு வினாடியில் பக்கக்காற்று அடித்தால் வால் இறக்கை காற்றோடு ஒதுங்கும், மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும், உந்துவிசையும் அந்தப் பக்கமே தள்ளும். அதாவது எரியும்போது காற்றை எதிர்த்துப் போகும், எரிந்து முடிந்தபின் காற்றோடு ஒதுங்கும். புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ராக்கெட்டின் எரிமருந்து வெப்பநிலை இன்னொரு தலைவலி: வெயிலில் காய்ந்த ராக்கெட் வேகமாக எரியும், அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தூரம் மாறிவிடும்.

அஸ்ட்ரோஸ் அணியில் ராடார் வைத்த கட்டுப்பாட்டு வண்டி தனியாக வருவது இதற்காகத்தான். முதலில் விடும் ராக்கெட்டின் பாதையைத் தொடர்ந்து அளந்து, மிச்சத்துக்குத் திருத்தம் சொல்லும். சுடுவதற்கு முன் ஏவு வண்டி ஜாக் (வண்டி ஆடாமல் தாங்கும் கால்கள்) இறக்கி நிற்கும். ஒவ்வொரு ராக்கெட் கிளம்பும்போதும் வண்டி ஆடினால் அடுத்தது எங்கே போகும் என்று சொல்லவே முடியாது.

பால்மரம்:
அப்புறம் ஏன் ராக்கெட்? பீரங்கிக் குழல் பெரிய அழுத்தத்தைத் தாங்க வேண்டும், அதனால் கனம். ராக்கெட் குழாய் வெறும் வழிகாட்டி, மெல்லிய தகடே போதும். 1941 ஜூலை 14 அன்று ஓர்ஷா நகரில் சோவியத் படை முதன்முதலாக இறக்கிய கத்யூஷா ராக்கெட் லோரிக்குக் குழாய்கூடக் கிடையாது. லோரி மேல் தண்டவாளம், 16 ராக்கெட், அவ்வளவுதான். பின்னால் வந்த சோவியத் ராக்கெட் லோரியான கிராட் 122 மி.மீ. ராக்கெட் 40-ஐ 20 வினாடியில் காலி செய்யும். எதிரி குழிக்குள் இறங்குவதற்குள் எல்லாம் விழுந்திருக்கும். சிதறல் இங்கே குறையே இல்லை, பரப்பு முழுக்கத் தூவத்தான் அது. ஒரு பாலத்தை மட்டும் உடை என்றால் கிராட்டால் ஆகாது.

அந்த வேலை, ஜிபிஎஸ் பார்த்துப் பறக்கும்போதே பாதையைத் திருத்திக்கொள்ளும் வழிகாட்டு ராக்கெட்டுக்கு. 2022-ல் உக்ரைனுக்குப் போன அமெரிக்க ஏவு வண்டி ஹைமார்ஸ் ஆறே ராக்கெட் சுமந்து 70 கி.மீ.-க்கு மேல் ஒரே கட்டடத்தை அடித்தது. அதிலும் ஓட்டை உண்டு: ஜிபிஎஸ் அலையை ரஷ்யர்கள் குழப்பத் தொடங்கியதும் துல்லியம் குறைந்தது.

செம்பனைக்காட்டான்:
சரி, சுட்ட பிறகு அங்கேயே நின்று நிரப்புவார்களா?

மண்ரோடு:
நின்றால் தொலைந்தது. பல ராக்கெட்டுகளின் திட எரிமருந்தில் அம்மோனியம் பெர்குளோரேட் இருக்கும். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது காற்றில் ஈரத்தை இழுத்து வெள்ளைப் புகையாகத் திரளும். நம்ம ஊர் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம், ஏவிய இடத்தைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். எதிரி ராடார் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு இடத்தைப் பிடிக்கும், பீரங்கி பதில் சொல்லும். அதனால் சுட்டவுடன் ஜாக்கைத் தூக்கி ஓட்டம், நிரப்புவது வேறு இடத்தில். கிராட் ராக்கெட் ஒன்று 66 கிலோ, 40-ம் சேர்ந்து 2,640 கிலோ, அதையும் கையால் ஒவ்வொன்றாகக் குழாயில் தள்ள வேண்டும். ஏவு வண்டி 20 வினாடிதான் வேலை செய்கிறது, மிச்ச நேரமெல்லாம் சுமை லோரிக்காரன் பாடு.