காலநிலை மாற்றம்: இளைஞர்கள் கற்பது அறிவியலையா, அச்சத்தையா?

வகுப்பறைவாசி:
பதினைந்து ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறேன். புவி ஏன் சூடாகிறது என்று படம் வரையச் சொன்னால், வகுப்பில் பலர் கிழிந்த குடையைப் போல ஓசோன் படலத்தில் ஓட்டை போட்டு, அதன் வழியே வெயில் கொட்டுவதாகவே வரைகிறார்கள். ஓசோன் சிதைவு வேறு, கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைப்பது வேறு என்பது தெரிவதில்லை. உலகம் அழியப்போகிறது என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்திருக்கிறது. அரை நிமிடக் காணொளிகள் தந்த அச்சம் இது. காரணம் புரியாமல் வந்த அச்சம், இன்னொரு காணொளியைப் பார்த்ததும் 'எல்லாம் பொய்' என்று புரண்டுவிடும்.

பின்வரிசை மாணவி:
ஐயா, அந்த ஓட்டையை நானும் வரைந்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழப்பத்தைத் தந்தது காணொளியன்று; இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் சொல்லிக் கடந்துபோன என் பாடநூல். அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2021இல் வெளியான ஆய்வொன்றில், பத்து நாடுகளைச் சேர்ந்த 16 முதல் 25 வயதுடைய 10,000 பேரில் 59 விழுக்காட்டினர் தாங்கள் மிகுந்த கவலையில் இருப்பதாகச் சொன்னார்கள். அரசுகள் போதிய அளவு செயல்படவில்லை என்ற எண்ணத்தோடு அந்தக் கவலை பிணைந்திருப்பதையும் அதே ஆய்வு காட்டியது. இது பாடம் புரியாதவர்களின் பதற்றமாக எனக்குத் தோன்றவில்லை.

எதற்கும் ஐயம்:
இருவருமே அடிப்படையைக் கேள்வி கேட்கவில்லை. காற்றில் கரியமில வாயு 0.04 விழுக்காடுதான். குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயர்வதில்லை. கடல் மட்டும் உயர்ந்துவிடுமாம். இதையெல்லாம் நம்பும்படி பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, அதற்குக் கல்வி என்று பெயரும் வைக்கிறோம்.

பின்வரிசை மாணவி:
மிதக்கும் பனிக்கு நீங்கள் சொல்வது ஏறக்குறையச் சரி. கிரீன்லாந்தின் பனிப்படலமோ நிலத்தின் மேல் கிடக்கிறது. அது முழுவதும் உருகினால் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். ஒரு குவளையில் நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டும் கல்லை வைத்து, அதன்மேல் பனிக்கட்டியை வைத்தேன். பேனாவால் போட்ட கோட்டைத் தாண்டி நீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். 0.04 விழுக்காடும் வாதமாகாது; காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிர்களைப் பெரும்பாலும் தடுப்பதேயில்லை.

வகுப்பறைவாசி:
நான் எழுத வந்ததை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆயினும் என் கருத்து மாறவில்லை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையிலுள்ள ஆய்வகத்தின் அளவீட்டில், 1958இல் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்த ஒரு வரைகோட்டை மாணவர்கள் தம் கையால் வரைந்த பிறகே அழிவைப் பற்றிப் பேச வேண்டும். கல் வைத்த குவளையை எந்த வகுப்பில் கற்றீர்கள்?

பின்வரிசை மாணவி:
வகுப்பில் இல்லை, ஐயா. பயமுறுத்தும் காணொளி ஒன்றைப் பார்த்து, அது உண்மையா என்று இரவெல்லாம் தேடியபோது கிடைத்தது.