பழைய மாணவர் அஞ்சலோட்டத்துக்கு ஒராள் தேவை

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். வாற மாசம் எங்கட பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டியில பழைய மாணவருக்கு 4×100 மீற்றர் அஞ்சலோட்டம் இருக்கு. மூண்டு பேர் சேர்ந்திட்டம். வளைவில ஓடிப் பழகின பழைய மாணவர் ஒராள் வேணும்.

ஓடிப்போடுவம், கையில கொண்டோடுற கோலை அடுத்தாளிட்ட மாத்திறதுதான் பயமாக் கிடக்கு. மாத்திறதுக்கெண்டு குறிச்ச 30 மீற்றர் எல்லைக்குள்ளயே கோல் கைமாற வேணும். ஓடுறவரின்ர கால் வெளியில நிண்டாலும் பறவாயில்லை, கோல் நிக்கிற இடம்தான் கணக்கு. போனமுறை நான் திரும்பிப் பாத்து வேகத்தை விட்டிட்டன். அது இன்னும் மனசுக்குள்ள கிடக்கு.

பயிற்சியாளர் ஆராவது ரெண்டு பின்னேரம் யாழ்ப்பாணம் துரையப்பா மைதானத்துக்கு வந்து காட்டித் தருவியளோ? கோல் ஒண்டும் இரவல் வேணும். நாப்பது தாண்டினாக்கள் தொடை தசை பிடிக்காமல் என்ன செய்யிறனியள் எண்டும் சொல்லுங்கோ.