புதினாவும் தலைக்கட்டு வரியும்

சாஸ்தா கோயில் சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா (காலை 7:02): (படம்)

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். கணினியைத் திறந்தால் இப்படி வருகிறது. மூடினால் மறுபடியும் வருகிறது. 146 தலைக்கட்டு வரிப்பட்டியலும் இதற்குள்தான் இருக்கிறது. வியாழனுக்குள் அச்செடுத்துக் கோயில் சுவரில் ஒட்டியாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

நித்யா: பெரியப்பா, படத்தில் கட்டைவிரல்தான் தெரிகிறது

பெரியப்பா: (படம்)

நித்யா: இது மின்விசிறி

பெரியப்பா: (படம்)

நான்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று போட்டிருக்கிறது பெரியப்பா.

அத்தை: யாருக்கு என்ன முடிந்துவிட்டது? காலங்காலையில் என்ன பேச்சு இது

நான்: யாருக்கும் ஒன்றும் இல்லை அத்தை. கணினிக்கு.

சித்தப்பா: போன வருடக் கொட்டகைக் கணக்கும் அதில்தானே இருந்தது அண்ணாச்சி?

பெரியப்பா: நோட்டிலும் இருக்கிறது. கொட்டகைக்காரர் கையெழுத்தோடு இருக்கிறது.

சித்தப்பா: நான் தவறாக எதுவும் கேட்கவில்லையே.

அத்தை: போன வருடமும் இப்படித்தான் தவறாக எதுவும் கேட்காமல் ஆரம்பித்தாய்

முருகன்: மாமா, பயப்பட ஒன்றுமில்லை. கணினி நின்றுவிடாது, பட்டியலும் எங்கும் போகாது. இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அவ்வளவுதான். கதவு இருக்கிறது, பூட்டைப் பழுது பார்க்க ஆள் வரமாட்டார், அப்படி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் உங்கள் கணினி ஏற்காது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். உங்களுடையது நான்காம் தலைமுறை ஐ3, நினைவகம் 4 ஜிபி. நீங்கள் ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியபோது நான்தான் கூட வந்தேன், நினைவிருக்கிறது.

பெரியப்பா: ஆமாம் மாப்பிள்ளை. திரும்பும்போது அல்வா வாங்கினோம்.

முருகன்: இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் காசு கிடையாது, இல்லையென்றால் 30 டாலர். ஆனால் அது தவணை வாங்குவது மாதிரிதான். இரண்டாவது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு பழைய கணினிகளுக்கு இலகுவானது. 2 ஜிபி நினைவகம் இருந்தாலே ஓடும், 4 ஜிபி இருந்தால் தாராளம். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். விலை கிடையாது.

அத்தை: மின்ட் என்றால் புதினாதானே

நித்யா: ஆமாம் அத்தை, அதன் சின்னமும் பச்சை நிறம்தான்

பெரியப்பா: அந்தப் புதினாவை ஏற்றினால் என் பட்டியல் இருக்குமா, இருக்காதா? அதை மட்டும் சொல்.

நான்: எனக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் பாஸ் என்று ஒன்று விண்டோஸோடு சேர்ந்து வந்ததே, அதுவும் லினக்ஸ்தானே அத்தான்?

முருகன்: அதேதான். சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. திறந்து பார்த்திருக்கிறாயா?

நான்: வகுப்பில் ஒருத்தி தவறுதலாகத் திறந்துவிட்டு, கெடுத்துவிட்டேன் என்று அழுதாள்.

பெரியப்பா: பட்டியல்??

முருகன்: இருக்கும் மாமா, நாம் ஒழுங்காகச் செய்தால். முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுக்க வேண்டும். இன்னொரு பென்டிரைவில் மின்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்க்கலாம். உள்ளே எதுவும் மாறாது. வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வீடு வாங்குவது போல. நிறுவும்போது மட்டும் ‘வட்டை அழித்து நிறுவு’ என்று ஒரு தேர்வு வரும். அதை அழுத்தினால் டி டிரைவும் சேர்ந்து போய்விடும்.

அத்தை: டி டிரைவா. தாத்தா சதாபிஷேகப் படங்கள் போனதும் அதில்தானே

மதினி: அத்தை, அவர் கடைக்காரரிடம் சொல்லித்தான் கொடுத்தாராம். கடைக்காரர்தான் முழுவதையும் அழித்துவிட்டார்.

பெரியப்பா: சரவணன் சொல்லிக் கொடுத்தான். எழுதிக் கொடுக்கவில்லை.

அத்தை: என் ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. அதிலும் தாத்தா கண்ணை மூடியிருப்பார்

சித்தப்பா: இப்போது அந்தப் பேச்சு எதற்கு அக்கா.

நான்: பெரியப்பா, பட்டியலை இப்போதே பிடிஎஃப் ஆக்கி இங்கே போட்டுவிடுங்களேன். எங்கள் கைப்பேசியிலும் ஒரு நகல் இருக்கும்.

பெரியப்பா: போடலாம். மூன்று வருடப் பாக்கிக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். குழுவில் 41 பேர் பார்ப்பார்கள். பரவாயில்லையா?

அத்தை: யாராம் அது

சித்தப்பா: முருகா, என் கடைக் கணினியிலும் இதே செய்திதான் வருகிறது. கடைக் கணக்கு எழுதுகிற டேலி இதில் ஓடுமா?

நித்யா: அப்பா 😐

முருகன்: டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது சின்ன மாமா, லினக்ஸில் நேரடியாக ஓடாது. வைன் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டிப் பார்ப்பதற்கு. அதில் டேலியை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாதம் பிறந்தால் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற கணினியில் அந்தச் சோதனை வேண்டாம். உங்கள் கடைக் கணினியை விண்டோஸிலேயே விடுங்கள். மாமாவுடையது வேறு. அவர் செய்வது நான்கே வேலைதான்: பட்டியல் அடிப்பது, கணக்குப் போடுவது, யூடியூபில் வில்லுப்பாட்டு கேட்பது, ஜாதகம் கணிப்பது.

பெரியப்பா: கோயில் நோட்டீஸும் அடிப்பேன். ஐந்து.

முருகன்: ஐந்து. இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ், பட்டியலுக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆஃபீஸ், இரண்டும் மின்டோடு சேர்ந்தே வரும். ரைட்டர் என்பது வேர்டுக்குப் பதில், கால்க் என்பது எக்செலுக்குப் பதில். உங்கள் பழைய கோப்புகளைத் திறக்கும். பத்தி அங்கங்கே கொஞ்சம் நகர்ந்து நிற்கும், சரி செய்துகொள்ளலாம். பிறருக்கு அனுப்பும்போது மட்டும் வேர்டு வடிவத்தில் சேமித்து அனுப்புங்கள். பாட்டுக்கு விஎல்சி போட்டுத் தருகிறேன், எந்தக் குறுந்தகடு ஒலிப்பதிவு என்றாலும் பாடும். வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் தனிச் செயலி கிடையாது. உலாவியில் திறந்து, மின்டிலேயே இருக்கிற வலைச்செயலிக் கருவியால் மேசையில் ஒரு பொத்தான் வைத்துவிடலாம். வைரஸ் எதிர்ப்புக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறீர்களே, அது தேவைப்படாது.

சித்தப்பா: எவ்வளவு கட்டுகிறார்?

பெரியப்பா: என் சொந்தப் பணம்.

அத்தை: பொங்கலுக்கு அரிசி எத்தனை படி என்று யாராவது சொல்லுங்கள். போன தடவை மிச்சமாகி எருமைக்கு வைத்தோம்

மதினி: மிச்சமாகவில்லை அத்தை, குழைந்துவிட்டது.

அத்தை: யார் குழைத்தது

பெரியப்பா: மாப்பிள்ளை, தமிழ் எப்படி அடிப்பேன்? நான் ‘யளனக’ பழகிய கை. இந்த வயதில் தமிழ்99 எல்லாம் படிக்க முடியாது.

முருகன்: நல்ல கேள்வி. இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அடிப்பது பாமினி எழுத்துருவில். அதில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மேலே சட்டை மட்டும் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் சட்டை கழன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். போன வருடம் சின்ன மாமாவுக்கு நீங்கள் அனுப்பிய கணக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

சித்தப்பா: ஓ.

பெரியப்பா: ஒரு வருடமாக, புரியாதபடி கணக்கு எழுதுகிறேன் என்று ஊர் முழுக்கச் சொன்னாய்.

சித்தப்பா: ஊர் முழுக்க இல்லை.

முருகன்: அதனால் உங்கள் விண்டோஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை நகல் எடுத்து மின்டில் நிறுவிவிட்டால் போதும். பழைய கோப்பெல்லாம் தமிழாகவே தெரியும், உங்கள் விரலும் அதே இடத்தில் அதே எழுத்தை அடிக்கும். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். ரைட்டர் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். ஆங்கிலத்துக்கு அது நல்லது. பாமினியில் சின்ன ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. ‘தலைவர்’ என்று அடித்தால் ‘துலைவர்’ என்று நிற்கும். தானியங்கித் திருத்தத்தில் போய் முதல் நாளே அதை அணைத்துவிட வேண்டும்.

பெரியப்பா: சரவணன் கல்யாணப் பத்திரிகையில் மணமகன் ‘முணமகன்’ ஆனது இதனால்தானா?

முருகன்: அதேதான். சின்ன கே ‘ம’, பெரிய கே ‘மு’.

மதினி: 300 பத்திரிகை மாமா. என் அப்பா ஒவ்வொன்றிலும் பேனாவால் கொம்பை அடித்தார்.

நித்யா: முணமகன் அண்ணன் எங்கே, சத்தமே இல்லை

மதினி: துபாயில் இன்று வேலை நாள் இல்லை. தூங்குகிறார்.

முருகன்: ஆனால் மாமா, காலத்துக்கும் பாமினியில் இருக்க வேண்டாம். அதில் அடித்ததைத் தேடவும் முடியாது, இந்தக் குழுவில் ஒட்டவும் முடியாது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடு முறைக்கு மெதுவாக மாற்றிவிடலாம். மின்டில் ஐபஸ் என்ற கருவி வழியாகத் தமிழ் விசைப்பலகைகள் போடலாம். தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு முறையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தட்டச்சு முறை உங்கள் விரலுக்கு அப்படியே ஒத்து வருகிறதா என்று நேரில் அடித்துப் பார்த்துத்தான் சொல்வேன்.

பெரியப்பா: ஜாதகம்?

முருகன்: அந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது. வைனில் முயன்று பார்க்கலாம். சத்தியம் செய்ய மாட்டேன்.

அத்தை: அதுதானே பார்த்தேன். உன் ஜாதகமும் அதற்குள்தான் இருக்கிறது. அதை அழிக்கத்தான் காலையிலிருந்து இவ்வளவு எழுதுகிறாயா

முருகன்: அம்மா, இது குழு.

அத்தை: குழு என்றால் என்ன, எல்லாரும் சொந்தம்தானே. முப்பத்துமூன்று முடிந்துவிட்டது

நித்யா: முருகன் அத்தானுக்கும் ஆதரவு முடிந்துவிட்டது

முருகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா: நான் படித்துவிட்டேன் அத்தான்

பெரியப்பா: அந்த ஜாதகத்தை நான் தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன். செவ்வாய் ஏழில். கவலை வேண்டாம்.

அத்தை: செவ்வாய் எட்டில் என்று சொன்னீர்களே அண்ணன்

நான்: வியாழக்கிழமைக்கு வருவோம். மூன்று நாளில் இதை எல்லாம் மாற்ற முடியுமா?

முருகன்: முடியாது, கூடவும் கூடாது. வியாழன் அச்சு இருக்கிற விண்டோஸிலேயே நடக்கட்டும். பங்குனி உத்திரம் முடிந்து நான் ஊரில் இரண்டு நாள் தங்கி மாற்றித் தருகிறேன். மாற்றிய பிறகு டைம்ஷிஃப்ட் என்ற கருவியையும் இயக்கிவிடுவேன். ஏதாவது கெட்டால் நேற்றிருந்த நிலைக்கே கணினி திரும்பிவிடும். ஆனால் அது இயங்குதளத்துக்குத்தான், உங்கள் கோப்புகளுக்கு அல்ல. எங்கள் கல்லூரியிலேயே ஒரு பேராசிரியர் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நம்பித் தன் ஆய்வேட்டை அழித்துவிட்டு வந்து நின்றார். கோப்புகளுக்குப் பென்டிரைவ் தனியாக வேண்டும். ரஸ்ட்டெஸ்க் போட்டுவிட்டால் பிறகு கோவையிலிருந்தே உங்கள் திரையைப் பார்த்துச் சரி செய்வேன். அச்சு இயந்திரம் எந்த நிறுவனம் மாமா? எச்பி என்றால் பெரும்பாலும் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பெரியப்பா: (படம்)

முருகன்: இது தாள் வைக்கும் தட்டு மாமா. முன்னால் எண் எழுதியிருக்கும்.

பெரியப்பா: முன்னால் பல்லி இருக்கிறது. அப்புறம் பார்க்கிறேன்.

சரவணன் (மாலை 4:40): இப்போதுதான் பார்க்கிறேன். 160 செய்தியா? அப்பா, இந்தப் பழசை வைத்துக்கொண்டு எதற்கு இவ்வளவு பாடு. வரும்போது புது மடிக்கணினி ஒன்று வாங்கி வருகிறேன்.

பெரியப்பா: நீ வந்தால் போதும். கணினிப் பக்கம் வர வேண்டாம்.

சரவணன்: பன்னிரண்டு வருடம் ஆகிறது அப்பா.

மதினி: விடுங்கள்.

முருகன்: அத்தான், புதிது வாங்கினாலும் பரவாயில்லை, அதிலும் பாமினி இருக்காது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை: அரிசி

அப்பா (மாலை 6:15): பாளை கடைவீதியில் பென்டிரைவ் வாங்கிவிட்டேன். 32 ஜிபி. 450 ரூபாய்.

முருகன்: நன்றி மாமா. ஒன்றா, இரண்டா?

அப்பா: ஒன்று.

முருகன்: இரண்டு வேண்டுமே மாமா. மின்டுக்கு ஒன்று, நகலுக்கு ஒன்று.

அப்பா: காலையில் ஒன்று என்று படித்தேன். ரசீது இருக்கிறது. கோயில் கணக்கில் எழுதிவிடலாமா?

சித்தப்பா: இதைத்தான் நான் கேட்கிறேன். யாரைக் கேட்டு வாங்குகிறீர்கள்? யார் கணக்கில் எழுதுகிறீர்கள்?

பெரியப்பா: வரி வந்ததும் எழுதிக்கொள்ளலாம்.

சித்தப்பா தட்டச்சு செய்கிறார்…